ஏரியல்தான் பேட்டரி: கிறிஸ்டல் ரேடியோவைப் பேச வைப்பது எப்படி

லால்குடியில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவரும் சேர்ந்து, பேட்டரி இல்லாத கிறிஸ்டல் ரேடியோ ஒன்று செய்திருக்கிறார்கள். இரண்டு இஞ்ச் பிவிசி குழாயின் மேல் 26 கேஜ் எனாமல் கம்பி 60 சுற்று, பழைய வால்வு ரேடியோவில் கழற்றிய கேங் (திருப்பி ஸ்டேஷன் பிடிக்கும் மாறும் கண்டென்சர்), கைவசம் இருந்த 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), போனோடு வந்த இயர்போன், ஜன்னல் கம்பியில் கட்டிய இரண்டு மீட்டர் ஒயர். கேங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமே இல்லை, பாப்பா சோர்ந்துவிட்டாள், எதில் தப்பு, ஸ்டேஷனை எப்படிப் பிரித்தெடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் பாப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: அவள் சுற்றிய காயிலில் தப்பே இல்லை. இந்த ரேடியோவில் கடினமான வேலை அதுதான், அதைச் சரியாகச் செய்திருக்கிறாள். இரண்டு இஞ்ச் குழாய் என்று கடையில் சொல்வது வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர் உள்ளது. அதில் 26 கேஜ் கம்பியை இடைவெளி விடாமல் 60 சுற்று சுற்றினால் காயிலின் திறன் (இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி வரும். வால்வு ரேடியோ கேங்கின் ஒரு பகுதி, தகடுகள் உள்ளே போய் முழுதாக மூடியிருக்கும்போது, அதன் மின் கொள்ளளவு 365 பிகோஃபேரட் பக்கம் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் 540 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மீடியம் வேவ் முழுவதையும் தொட்டுவிடலாம். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு 120 பிகோஃபேரட் போதும், அதாவது கேங் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தால் சரி. தப்பு இருப்பது மற்ற இடங்களில்: அலையைப் பிடிக்கும் கம்பியான ஏரியல், மண்ணுக்குப் போகும் இணைப்பான எர்த், டயோடு, இயர்போன். இந்த வரிசையிலேயே போகலாம். பெரும்பாலானவர்கள் டயோடில் இருந்து தொடங்குவார்கள். அது சரியான தொடக்கம் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் சாதாரண ட்ரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால், பகல் பத்து மணிவாக்கில் மீடியம் வேவில் 936 வருகிறதா, தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டு எஃப்எம்முக்கு மாறிவருகிறது. சில இடங்களில் டிஜிட்டல் முறையில் ஒலிபரப்பு நடக்கிறது, அது நம் ரேடியோவில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஒலிபரப்பே இல்லாத நேரத்தில் உட்கார்ந்து கேங்கைத் திருப்பிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு இந்த வேலையே வெறுத்துப்போகும். ட்ரான்சிஸ்டரில் நன்றாக வந்தால் மேலே படியுங்கள்.

இந்த ரேடியோவில் பேட்டரி கிடையாது, பெருக்கும் பாகமும் கிடையாது. காதில் விழும் ஒவ்வொரு துளி ஒலியும் டிரான்ஸ்மிட்டரில் இருந்து காற்று வழியாக வந்து, உங்கள் கம்பியில் ஏறி, மண்ணுக்குள் இறங்கும் வழியில் நாம் பிடித்துக்கொண்டது. ஆகவே ஏரியலும் எர்த்தும்தான் உங்கள் பேட்டரி. ஜன்னலில் இரண்டு மீட்டர் ஒயர் என்பது தீர்ந்துபோன பேட்டரிக்குச் சமம். 936 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் 320 மீட்டர். அதற்கு முன்னால் இரண்டு மீட்டர் எம்மாத்திரம்? மொட்டை மாடியில் 15 மீட்டர் கம்பியை, தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வரும் சாதாரண ஒற்றை ஒயரே போதும், மேலுறையை உரிக்க வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் நைலான் கயிற்றால் கட்டி, கம்பி சுவரையோ மரத்தையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈபி கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்கே போகவே கூடாது. அறுந்து விழுந்தாலும் அதைத் தொட முடியாத தூரம் இருக்க வேண்டும். ஈபி லைனுக்கு இணையாக ஓடினாலும் காதில் "ம்ம்ம்" என்ற உறுமல் சேர்ந்து வரும்.

எர்த்தைப் பலரும் ஒப்புக்கு வைக்கிறார்கள். எனக்கு இது சொந்த அனுபவம். ஒரு வீட்டில் தோட்டத்துக் குழாயில் எர்த் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் டயோடை மாற்றி மாற்றிப் பார்த்தேன். குழாயின் மேல்பாகம் இரும்பு. மண்ணுக்குள் அரை அடி போனதும் பிவிசி. அது எர்த்தே இல்லை. தோண்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் பழைய போர்வெல்லுக்கு இரும்புக் கேசிங் இருந்தால் அதைவிட நல்ல எர்த் கிடையாது. துருவை அரத்தால் நன்றாகச் சுரண்டி, பளபளவென்று வந்த இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் ஒன்றரை மீட்டர் ஜிஐ பைப்பை ஈரம் காயாத இடத்தில், தென்னை மரத்துப் பாத்தி, துணி துவைக்கும் கல் போன்ற இடத்தில் அடித்து இறக்குங்கள். கொள்ளிடத்துக்குப் பக்கத்து மண், உங்களுக்கு அந்த விஷயத்தில் கொடுப்பினை இருக்கிறது. சுவரில் உள்ள பிளக் பாயிண்டின் எர்த் துளையில் மட்டும் ஒயரைச் செருக வேண்டாம். எந்த வீட்டில் எந்த ஒயர் எங்கே மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுவும் குழந்தை கை வைக்கும் பொருள்.

இனி டயோடு. 1என்4007 பவர் சப்ளைக்கான சிலிக்கான் டயோடு. அது கடத்தத் தொடங்கவே 0.6 வோல்ட் பக்கம் வேண்டும். உங்கள் காயிலில் வரும் சிக்னல் பெரும்பாலும் அந்த வாசலையே எட்டாது. ஜெர்மேனியம் டயோடு அதில் பாதிக்கும் கீழே வேலையைத் தொடங்கிவிடும்: 1என்34ஏ, ஓஏ79, ஓஏ91. பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ போர்டு கிடைத்தால், கடைசி ஐஎஃப்டி டப்பாவுக்குப் (சதுரத் தகர டப்பாவுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) பக்கத்தில் கண்ணாடிக் குழல் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஜெர்மேனியம் என்று சொல்லி வேறு எதையாவது கொடுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருந்தால், மல்டிமீட்டரை டயோடு முறையில் வைத்துப் பாருங்கள். 200 முதல் 350 வரை காட்டினால் நமக்கு ஆகும், 500க்கு மேல் போனால் அது சிலிக்கான். 1என்5819 என்ற ஷாட்கி டயோடு எங்கும் மலிவாகக் கிடைக்கும், சத்தமும் வரும். ஆனால் அதற்குள் மின் கொள்ளளவு (கண்டென்சர் போன்ற தன்மை) அதிகம், ஸ்டேஷன் டயலில் அகலமாகப் பரவிவிடும். பிஏடி85 கிடைத்தால் அதைவிட மேல். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு இரண்டு திசையும் ஒன்றுதான்.

டயோடு பற்றிப் பேசும்போது பாப்பாவுக்கு ஒரு செய்தி. ரேடியோ அலையை உணர ஈயக் கனிமமான கலீனாவைப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ். 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்குக் கொடுக்கப்பட்ட முதல் காப்புரிமை என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் வந்த கிறிஸ்டல் ரேடியோக்களில், ஒரு கலீனாத் துண்டின் மேல் மெல்லிய கம்பியைத் தொட்டுத் தொட்டு, எந்தப் புள்ளியில் சத்தம் வருகிறது என்று தேடுவார்கள். அந்தக் கம்பிக்குப் பூனை மீசை என்று பெயர். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. முதலில் அதன் டிரான்ஸ்மிட்டருக்கு 40 வாட்தான் சக்தி. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதைக் கேட்க ஒரு ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. உங்களுக்குக் கிடைப்பது அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய டிரான்ஸ்மிட்டர்.

கடைசியாக இயர்போன். போன் இயர்போன் 32 ஓம். நம் சர்க்யூட்டோ ஆயிரக்கணக்கான ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. 32 ஓமை நேராக மாட்டினால் அது காயிலின் மேல் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல, இருக்கும் கொஞ்ச சிக்னலும் அமுங்கிவிடும். இதற்கு இரண்டு வழி. கிறிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்குவது ஒன்று. அதை மாட்டினால் இரண்டு முனைக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். இயர்போன் உள்ளுக்குள் ஒரு கண்டென்சர் மாதிரி, டயோடு அனுப்பும் மின்னூட்டம் வெளியேற வழி இல்லாவிட்டால் அது நிரம்பி, சத்தம் நெரிந்து போகும். ரெசிஸ்டர்தான் அந்த வழி.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் காசு செலவில்லை. பழைய அடாப்டரில் உள்ள 230 வோல்ட் – 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பிளக் ஒயரை முழுவதும் வெட்டி எறிந்துவிடுங்கள். யாரும் தெரியாமல் கரண்டில் செருகிவிடக் கூடாது. 230 வோல்ட் பக்கத்து இரண்டு முனையை ரேடியோவுக்கும், 9 வோல்ட் பக்கத்தை இயர்போனுக்கும் கொடுங்கள். சுற்றுகளின் விகிதம் 25 பக்கம் இருப்பதால், 32 ஓம் இயர்போன் ரேடியோவின் கண்ணுக்கு இருபதாயிரம் ஓம் போலத் தெரியும். இயர்போன் பின்னில் நுனியையும் அடுத்த வளையத்தையும் மட்டும் இணைத்து, கடைசிப் பகுதியை அப்படியே விட்டால் இரண்டு காதும் சீரியலில் வந்து சுமை இன்னும் குறையும். போனில் உள்ள இயர்போனில் மைக் இருந்தால் பின்னில் வளையம் ஒன்று கூடுதலாக இருக்கும், அப்போதும் நுனியும் முதல் வளையமும்தான் இரண்டு காது.

இவை நான்கும் சரியான பிறகும் சத்தம் வராவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு எனாமல்தான் காரணம். கம்பியின் செம்பு நிறம் நம்மை ஏமாற்றும், அதன் மேல் வார்னிஷ் இருக்கிறது. காயிலின் முனைகளையும், நடுவில் இணைப்புக்கு முறுக்கு விட்டு டேப்பிங் எடுத்த இடங்களையும் பிளேடால் சுற்றிலும் சுரண்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் போதாது. சுரண்டிய இடம் கொஞ்சம் வெளிறிய ரோஜா நிறமாகத் தெரிந்தால்தான் அது வெறும் செம்பு. அதில் ஈயம் ஓடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் குண்டாக உருண்டால் இன்னும் வார்னிஷ் இருக்கிறது என்று அர்த்தம்.

இணைப்பு எளிது. காயிலின் அடிமுனை, கேங்கின் உடம்பு (அதன் உலோகச் சட்டம்), எர்த், இயர்போனின் ஒரு கால், நான்கும் ஒரே இடத்தில். கேங்கின் உடம்பை மேல்முனையில் கொடுத்தால் கை பக்கத்தில் வரும்போதெல்லாம் ஸ்டேஷன் நகரும், அதனால் அடியில்தான் கொடுக்க வேண்டும். மேல்முனையில் கேங்கின் மற்றக் கால். டயோடு மேல்முனையில் இருந்து இயர்போனுக்கு. ஏரியலை இப்போதைக்குக் காயிலின் அடியில் இருந்து பதினைந்தாவது சுற்றில்.

ஏரியலை ஏன் உச்சியில் கொடுக்கவில்லை? டியூன் செய்வதன் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. 15 மீட்டர் கம்பி தானே ஏறத்தாழ 100 பிகோஃபேரட் கண்டென்சர் மாதிரி. உச்சியில் கட்டினால் அந்த 100-ம் கேங்கோடு சேர்ந்துகொள்ளும். 936-க்கு மொத்தமே 120தான் வேண்டும் என்று மேலே சொன்னேன். அப்போது கேங் கிட்டத்தட்ட முழுதாகத் திறந்த நிலைக்குப் போய்விடும், அதற்கு மேலே உள்ள ஸ்டேஷன்கள் எட்டவே எட்டாது. அதோடு ஏரியலும் எர்த்தும் காயிலின் மேல் சுமையாக உட்கார்ந்து அதன் கூர்மையை மழுக்கிவிடும். சத்தம் வரும், ஆனால் கேங்கை எங்கே வைத்தாலும் அதே சத்தம்தான். அடிப்பக்கத்து டேப்பில் கட்டினால் ஏரியல் மெதுவாகத் தள்ளும், காயில் தன் போக்கில் ஆடும்.

இதை நான் கற்றது 1984-ல், அம்பத்தூரில், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம். அங்கே சிக்னலுக்குப் பஞ்சமில்லை, தொல்லையே அதுதான். 720-ல் சென்னை நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி ஓடும், அடியில் 783-ல் இருந்து விவித பாரதியின் சினிமாப் பாட்டு கசியும். நான் கேங்கைத்தான் திருகிக்கொண்டே இருந்தேன். சித்தப்பா கேங்கைத் தொடவே இல்லை. ஏரியலையும் எர்த்தையும் என் காயிலில் இருந்து கழற்றினார். கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டி, குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி ஒரு வளையம் செய்தார். அதில் 12 சுற்று சுற்றி, ஒரு முனையை ஏரியலிலும் இன்னொன்றை எர்த்திலும் கட்டினார். பெரிய காயிலோடு அதற்கு ஒயர்த் தொடர்பே கிடையாது. பிறகு வளையத்தைக் காயிலின் அடிப்பக்கத்தில் வைத்து, "இப்ப கேளு, நான் நகத்துறேன்" என்றார். வளையம் காயிலின் மேலேயே இருந்தபோது இரண்டு நிலையமும் சேர்ந்து கேட்டன. ஒரு விரற்கடை விலக்கினார், பாட்டு பின்னால் போனது. இரண்டு விரற்கடை விலகியதும் விவசாயச் செய்தி மட்டும் தனியாக நின்றது, சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. கேங்கை மயிரிழை திருப்பினார், குறைந்த சத்தத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் டெல்லிச் செய்தியை முழுவதும் கேட்டேன், ஒரு சொல் கூட நழுவவில்லை. பேட்டரி இல்லாத ஒரு குழாயும் கம்பியும் டெல்லிச் செய்தியைச் சொல்கிறது என்ற ஆச்சரியம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

சத்தமும் ஸ்டேஷன்களைப் பிரிப்பதும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் ஊருக்கு ஊர் மாறும். லால்குடியில் பகலில் 936 ஒன்றுதான் பலமாக இருக்கும், ஆகவே நீங்களும் இப்படி ஒரு வளையம் செய்தால் அதைக் காயிலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இரவில் கதை வேறு. சூரியன் மறைந்த பிறகு, வானத்தின் உயரத்தில் உள்ள அயனி அடுக்குகளில் (மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள்) கீழே உள்ளது கலைந்துவிடும், மீடியம் வேவ் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். மதுரை 1269, தூத்துக்குடி 1053 போன்றவை ஒலிபரப்பில் இருந்தால் அப்போது தேடிப் பார்க்கலாம். அதற்கு வளையத்தை விலக்க வேண்டும், டயோடையும் உச்சியில் இருந்து இறக்கி நாற்பதாவது சுற்றில் மாட்ட வேண்டும். டயோடும் ஒரு சுமைதான், அதைக் கீழே இறக்கினாலும் கூர்மை கூடும். காயிலைச் சுற்றும்போதே ஐந்து சுற்றுக்கு ஒரு சிறு முறுக்கு விட்டிருந்தால் இதெல்லாம் சுலபம். விடவில்லை என்றால் திரும்பச் சுற்றுவதற்குத் தயங்காதீர்கள். 12 மீட்டர் கம்பி, இருபது கிராம் கூட இல்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சத்தை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

காதை மட்டும் நம்பி டியூன் செய்வது குழந்தைகளுக்குச் சிரமம், ஏனென்றால் காது கூடுதல் குறைவை நன்றாக எடை போடாது. கிறிஸ்டல் இயர்போனும் 47 கிலோ ஓமும் போட்டிருந்தால், அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்டில் வையுங்கள். ஸ்டேஷன் மேல் கேங் வந்ததும் எண் ஏறும், தாண்டினால் இறங்கும். ஏரியல் டேப்பை மாற்றியதால் லாபமா, எர்த்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதால் லாபமா என்பதெல்லாம் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். பாப்பா ஒரு நோட்டில் எழுதட்டும். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் எனக்குத் தெரியாது.

எஃப்எம் இதில் வருமா என்று அவள் நிச்சயம் கேட்பாள். வராது. எஃப்எம்மில் குரல் அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண் மாறுவதில் இருக்கிறது. நம் டயோடு உயரத்தை மட்டும்தான் படிக்கும். காயிலும் அந்த அதிர்வெண்ணுக்கு ஆனது இல்லை.

ஏரியலுக்கு ஒரு கட்டாய விதி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கேட்டால் ரேடியோவை யாரும் தொடக் கூடாது. கேட்காத நேரங்களில் எல்லாம் ஏரியலை ரேடியோவில் இருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே எர்த் கம்பியோடு முறுக்கி வைத்துவிடுங்கள். இடி வந்த பிறகு ஓடிப்போய்க் கழற்றும் வேலை வேண்டாம். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே வரும் இடத்துக்கு முன்பே இதற்கு ஒரு நட் போல்ட் வைத்துக்கொண்டால் வசதி.

செய்து பார்த்துவிட்டு எழுதும்போது மூன்று எண்களைச் சேர்த்து அனுப்புங்கள்: ஜன்னல் ஒயரில் மீட்டர் எவ்வளவு காட்டியது, மாடிக் கம்பியில் எவ்வளவு, எர்த்தை மாற்றிய பிறகு எவ்வளவு. மூன்றாவது எண் இரண்டாவதைவிட ஏறவில்லை என்றால் எர்த்தைத்தான் முதலில் தோண்டிப் பார்ப்போம்.